வடக்கு கேலரி

மைதானத்தை மூடும்போது மாரிச்செல்வத்துக்கு இருபத்தொன்பது வயது. கேலரி கட்டி, புல் பதித்து, எட்டே மாதத்தில் திறந்துவிடுவோம் என்று கால்பந்துக் கழகச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி மைக்கில் சொன்னார். அவர் பனியன் கம்பெனி முதலாளி. மாரிச்செல்வம் வேறொரு கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். எட்டு மாதம் மூன்றரை வருடமானது. கேட்கப்போனால் ஒருமுறை "தை பொறக்கட்டுமுங்க" என்பார். மறுமுறை "மழை நிக்கட்டுமுங்க" என்பார். அதுவரை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த தொழிலாளிகளின் அணி சாயப்பட்டறைக்குப் பின்னால் ஜல்லி சிதறிக்கிடந்த பொட்டலில் ஆடியது. அங்கே ஆடி விழுந்துதான் மாரிச்செல்வத்தின் வலது முழங்கால் போனது.

2007இல் ஒருவழியாகத் திறப்பு விழா. முதல் ஆட்டம் அந்தத் தொழிலாளிகளின் அணிக்கும் ஒரு கோயம்புத்தூர் அணிக்கும். மாரிச்செல்வம் முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேப்டனாக இறங்கத் தயாரானான்.

அன்று காலையில் கட்டடத்தைச் சோதித்த நகராட்சிப் பொறியாளர் இந்துமதி அவனை வடக்கு கேலரிக்கு அடியில் கூப்பிட்டுக் காட்டினாள். தூணும் உத்தரமும் சேருமிடத்தில் விரல் நுழையும் விரிசல்.

"தெக்கு கேலரில முந்நூறு பேருக்கு மேல உக்காரக் கூடாதுங்க. இங்க ஒருத்தருகூட ஏறக் கூடாது. செயலாளருகிட்ட எழுதிக் குடுத்துட்டனுங்க. உங்க ஆளுககிட்டயும் சொல்லிப்போடுங்க."

அந்த முந்நூறு பாஸும் முதலாளி வீடுகளுக்குப் போயிருந்தன. மூன்று மணிக்கு வாசலில் ஆயிரம் பேர் நின்றார்கள். பெரும்பாலும் டெய்லர்கள், துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றபின் கேட்டைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள். ஈஸ்வரமூர்த்தி பயந்துபோனார். ஆளை அனுப்பி வடக்கு கேலரியின் பூட்டைத் திறக்கச் சொன்னார்.

மாரிச்செல்வம் அதைப் பார்த்ததும் மைதானத்திலிருந்து நொண்டி நொண்டி ஓடினான். படிக்கட்டின் குறுக்கே கைகளை விரித்து நின்றான். கூட்டத்துக்கு முன்னால் வந்தவன் சுடலை. ஒரே ஊர், ஒரே அறை.

"வழிய விடுல."

"ஏறாதீய. இடிஞ்சிரும்."

"அவனுவ தெக்க உக்காந்து கலர் குடிக்கானுவ. நமக்கு மட்டும் இடியுமோ? நீ எப்பல மொதலாளி ஆளா ஆன?"

சுடலை அவன் பனியனைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து வந்த செருப்பு ஒன்று மாரிச்செல்வத்தின் தோளில் விழுந்தது. அவன் ஒதுங்கவில்லை. சுடலையின் பிடரியைப் பிடித்துக் கேலரிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனான்.

"கைய உள்ள விடு. விடுல!"

சுடலை விரிசலுக்குள் விரலை விட்டு இழுத்தான். ஒரு துண்டு கையோடு வந்தது. அமுக்கினான், மணலாக உதிர்ந்தது. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்கள்.

"இதுக்கா மூணரை வருசம்?" என்று சுடலை கத்தினான்.

மாரிச்செல்வம் நேராக ஈஸ்வரமூர்த்தியிடம் போனான். "நீங்க ஏறுங்க. ஒங்க பிள்ளைகளயும் கூட்டிட்டு வடக்க வந்து உக்காருங்க. நாங்க தெக்க உக்காருதோம்."

"தம்பி, வெளியூருக்காரங்க வந்திருக்காங்க. மானத்த வாங்காதீங்க."

"ஆயிரம் பேர அதுல ஏத்தப் பாத்தீயளே, அதுல போகாத மானமா?"

இந்துமதி வந்து பூட்டைத் தன் கையாலேயே மாட்டினாள். நடந்ததை எழுதி மாரிச்செல்வத்திடமும் சுடலையிடமும் கையெழுத்து வாங்கினாள். ஆட்டம் நடக்கவில்லை. மாரிச்செல்வத்தின் அணி களத்தில் இறங்க மறுத்துவிட்டது.

மறுநாள் அவனுடைய கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு, ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மாரிச்செல்வம் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். அடுத்த வாரமே வேறு கம்பெனியில் சேர்ந்தான். ஆனால் கோபம் ஆறவில்லை. மைதானம் நகராட்சி இடம் என்பதால் அந்த அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டான். வடக்கு கேலரி வேலை சரியாக முடிந்ததென்று கையெழுத்துப் போட்டது யார்? அதுதான் கேள்வி.

மனுவை வாங்கிய குமாஸ்தா, "இதெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"பேரு வேணும்."

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஒப்பந்தக்காரரின் கையெழுத்துக்குக் கீழே கழகத்தின் சார்பில் ஈஸ்வரமூர்த்தியின் கையெழுத்து இருந்தது. சுடலை அதை இருநூறு நகல் எடுத்தான். இருவரும் ஒரு ஞாயிறு முழுக்க அலைந்து டீக்கடை, மெஸ், கம்பெனி வாசல் என்று ஒவ்வொரு சுவரிலும் ஒட்டினார்கள். திங்கட்கிழமை எட்டரை மணி ஷிஃப்டுக்குப் போன பெண்கள் நின்று, ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள்.