யாகப்பர் வீட்டு ஏணை

பிறக்காத பிள்ளை ஒன்று உபதேசியார் யாகப்பரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2021ஆம் ஆண்டு யூலை பதினேழாம் திகதி, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அன்று சோளகக் காற்று பிடித்து வீசியதால் தென்கடலில் வள்ளங்கள் இறங்கவில்லை. பாடசாலை மண்டபத்தில் கொரோனாத் தடுப்பூசி போட்டார்கள். யாகப்பரும் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டாமல், தன் மனச்சாட்சி இதற்கு இடங்கொடுக்கவில்லை என்று எழுதி வாசித்ததுபோல் மூன்று வசனத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், இருபது வருடமாக அலுமாரியில் மடிந்து கிடந்த, பிள்ளையைப் போட்டு ஆட்டும் சேலை ஏணை விறாந்தை வளையில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டால் ஒன்றும் தட்டுப்படவில்லை. தூக்கினால் மட்டும் பாரம் இருந்தது. மீன் தராசில் கொளுவிப் பார்த்தபோது முள் அசையவில்லை. தராசைப் பிடித்த கை நோவெடுத்து உளைந்தது. பிள்ளை அழவில்லை. மூச்சு விட்டறியாத பிள்ளைக்கு அழத் தெரியாது என்பதை யாரும் சொல்லாமலே வீட்டார் விளங்கிக்கொண்டார்கள்.

தலைமன்னார் வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் அந்த மணல் ஒழுங்கையில் யாகப்பரை அறியாதவர் இல்லை. நண்டுவலை போடுகிற மனிதர்; பங்குச் சுவாமி இல்லாத நாட்களில் கோயிலில் செபம் நடத்துகிறவர். ஊசி போட்டால் புயத்தில் காந்தம் ஒட்டும் என்று தொலைபேசியில் கதை அனுப்பினவர்களைக் கோயில் முற்றத்தில் வைத்துப் பகிடி பண்ணினவரும் அவர்தான். ஆகவே அவரை விசரன் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பிடித்துக்கொண்டது வேறொரு செய்தியை. ஐம்பது வருடத்துக்கு முன் வெளிநாடொன்றில் பிறக்கவிடாமல் கலைக்கப்பட்ட பிள்ளையிடமிருந்து எடுத்த உயிர்க்கலங்கள் இன்றும் ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. சில ஊசிகளைச் செய்யவும் வேறு சிலவற்றைச் சோதிக்கவும் அவை உதவின என்பதே அது. விசாரித்தார். உண்மை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் எடுத்ததில் தனக்கு ஒரு துளியும் வேண்டாம் என்று முடிவுகட்டினார். பிழையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊரில் எங்களில் பலர் அதைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்காமல் புயத்தைக் காட்டியவர்கள்.

சிக்கல் அவருடைய மகள் றொசானாவால் வந்தது. இருபத்திரண்டு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறி வெளி மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வந்தாள். தகப்பனின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. உறுப்பைக் கொடுப்பது அன்பின் செயல் என்று திருச்சபை சொல்வதைத் தானே கோயிலில் வாசித்தவர் யாகப்பர். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தார். ஆனால் கொடுக்கிறவர் இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் சத்திரசிகிச்சைக்கு எடுப்போம் என்றார்கள் வைத்தியர்கள். அடுத்த வருடம் பாதிக்குள் செய்யாவிட்டால் பிறகு செய்து பிரயோசனமில்லை என்றும் சொன்னார்கள். மனுசன் உள்ளுக்கிருக்கிறதைத் தூக்கிக் குடுப்பாராம், வெளியில தொங்கிற கையைக் காட்டமாட்டாராம் என்று வள்ளத் துறையில் சிரித்தார்கள். சிரித்தவர்களே றொசானாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிள்ளை வந்த மறுநாளே பட்டினத்துக் கழுதைகள் ஒன்பது, பாலத்தடியிலிருந்து நடந்து வந்து யாகப்பரின் படலையில் வரிசையாக நின்றன. யேசு பாலன் குடிலில் நிற்பதுபோல வீட்டுக்குள்ளே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றன, ஒன்றும் கத்தவில்லை. பெண்கள் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, கையை உதறிக்கொண்டு போனார்கள். யாகப்பருக்கு உள்ளூரப் பெருமை. உலகத்தில் தனக்காக நின்ற ஒரே மனிதனைத் தேடிப் பிள்ளை வந்திருக்கிறது என்று எண்ணினார். அதில் ஒரு குறை மட்டும் இருந்தது. அவர் தூக்கினால் பிள்ளை நெளிந்தது. றொசானா தூக்கினால் அடங்கியது. இரத்தம் சுத்திகரிப்பதற்காக அவளுடைய இடது முழங்கையில் இரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடம் நாள் முழுக்க மெல்ல இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலோடு ஒட்டிக்கொண்டு பிள்ளை மணித்தியாலக் கணக்கில் கிடந்தது. தாயின் வயிற்றுக்குள் கேட்ட சத்தம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பங்குத்தந்தை அலெக்ஸாண்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, கழுதைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கதிரையில் இருந்தார்.

“ரோமையில இருந்து கடிதம் போன மார்கழியே வந்திட்டுது, யாகப்பர். வேற ஊசி கிடையாத இடத்தில இதைப் போடலாம், பாவமில்லை எண்டு. அந்தப் பிள்ளைக்குச் செய்த அநியாயத்துக்கும் உங்கட புயத்துக்கும் இடையில கனதூரம்.”

“கனதூரம் எண்டால் பிள்ளை என்ர வீட்டில என்ன செய்யுது, பாதர்?”

சுவாமி ஏணையிலிருந்து பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: “கட்டாயப்படுத்தக் கூடாது எண்டும் அதில கிடக்கு. உங்கட மனச்சாட்சியில நான் கைவைக்கேலாது. ஆனா போடாதவர் தன்னால மற்றவைக்குக் கெடுதல் வராமப் பாக்க வேணும் எண்டும் கிடக்கு. மற்றவை எண்டால் ஆர்? உள்ளுக்க படுத்திருக்கிறவளும்தான்.” அன்று பூசைக்குப் பாத்திரத்தைத் தூக்கியபோது சுவாமி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்ததை எல்லாரும் கண்டோம்.

அடுத்த ஞாயிறு யாகப்பர் செய்தது உபதேசியார் ஒருவருக்கே வரக்கூடிய பிழை. ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிற உரிமை தனக்கு உண்டு என்று, செம்பில் தண்ணீர் எடுத்து, ஏணையின்மேல் ஊற்றினார். தண்ணீர் விழவில்லை. செம்புக்கும் சேலைக்கும் நடுவே, ஒரு சாண் உயரத்தில், வளைந்தபடி நின்றுவிட்டது. பேர் பொருந்தவில்லையாக்கும் என்று நினைத்து ஏழு புனிதர்களின் பேரைச் சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை. இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தச் சட்டத்தை அவரைவிட இறுக்கமாகப் பிடித்தவர் பங்கிலேயே இல்லை. பதினோரு நாளாகியும் அந்தத் தண்ணீர் விறாந்தையிலேயே நின்றது. வீட்டார் குனிந்து போய்வந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவமாது நிறஞ்சலா வந்தாள். இளைப்பாறுவதற்கு ஒரு வருடம் இருந்தது அவளுக்கு; அந்தக் கரையோரத்தில் இருபத்தைந்து வருடமாகப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவளுடைய கையைக் கண்டவை. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வந்து ஏணையைத் தூக்கினாள். பிள்ளை உடனே அடங்கியது. அவள் ஆச்சரியப்படவில்லை.

“இதுக்கு உங்கட வீடு புதுசில்லை, உபதேசியார். தொண்ணூற்றேழில உங்கட மனிசிக்கு ருபெல்லா ஊசி போட்டது நான்தான். அந்த ஊசியும் இப்பிடி ஒரு பிள்ளையின்ர கலத்தில வளத்ததுதான். அண்டைக்கு எனக்கு அது தெரியாது.”

தொண்ணூற்றெட்டில் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தபோது ருபெல்லா என்ற அந்தச் சிவப்புக் காய்ச்சல் பரவியதும், வயிற்றில் பிள்ளையோடு இருந்த மனைவி மதலேனாவை மட்டும் அது தொடாமல் போனதும், பக்கத்துக் கொட்டில்கள் இரண்டிலும் கண் தெரியாத பிள்ளைகள் பிறந்ததும் யாகப்பருக்கு மறக்கவில்லை. றொசானா தெளிந்த கண்ணோடு பிறந்தாள். அவர் மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். மாதாவின் பங்கை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வேலையில் இன்னொரு பிள்ளைக்கும் பங்கிருந்திருக்கிறது.

“தெரிஞ்சிருந்தால்?” என்று கேட்டார்.

“தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பன். போட முதல் அந்தப் பிள்ளைக்கு ஒரு செபம் சொல்லியிருப்பன்,” என்றாள் நிறஞ்சலா.

தன் கை சுத்தம் என்று இவ்வளவு நாளும் நினைத்தது யாகப்பருக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்குச் சேமக்காலையில் ஓர் இடம் கொடுத்து அடக்கச் செபம் சொல்ல வேண்டும், பேர்தான் பொருந்தமாட்டேன் என்கிறது என்று யாருக்குமில்லாமல் சொன்னார். அப்போதுதான் குசினி வாசலில் நின்ற மதலேனா வாய் திறந்தாள். பிள்ளை வந்த நாளிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல்முறை.

“இஞ்சருங்கோ. ஆரோ பெத்த பிள்ளைக்கு ஏழு பேர் கூப்பிட்டுப் பாத்தனீங்கள். எங்கட பிள்ளைக்கு ஒரு பேர் கூப்பிட்டனீங்களே?”

தொண்ணூற்று நான்கில் அவர்களுக்கு ஒரு மகன் ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்தான். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளையைச் சேமக்காலை வேலிக்குள் வைப்பதில்லை என்பது அந்தக் கரையின் பழைய வழக்கம். சுவாமிமார் பலர் அதை அப்போதே கைவிட்டிருந்தார்கள். சண்டைக் காலம், பங்கில் சுவாமி இல்லை, உபதேசியாரே தீர்மானித்தார். பேர் வைக்காமல், வேலிக்கு வெளியே உடைமரத்தடியில், தானே தோண்டித் தாட்டார். இருபத்தேழு வருடமாக மதலேனா சேமக்காலைக்குப் போகும்போதெல்லாம் வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அதைக் கால்வலிக்கு நடக்கிறாள் என்றே யாகப்பர் நினைத்திருந்தார். நெஞ்சு வெடிக்கிற மாதிரி அவர் அழுததை அன்றுதான் றொசானா கண்டாள்.

மறுநாள் காலை யாகப்பர் அலவாங்கோடு சேமக்காலைக்குப் போய் வேலிக்கட்டை பிடுங்கினார். வேலியை நகர்த்துவதென்றால் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்த அலெக்ஸாண்டர் சுவாமி, சொல்லி முடித்ததும் அங்கியின் கையை மடித்துவிட்டு முள்ளுக்கம்பியின் மற்ற நுனியைப் பிடித்தார். துறையிலிருந்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் உடைமரம் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. மகனுக்கு இன்பாஸ் என்று பேர் வைத்தாள் மதலேனா. அந்தப் பேரை அவள் இருபத்தேழு வருடமாக வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைக்கு அடைக்கலம் என்று பேர் வைத்ததும் அவள்தான். இரண்டு பேரையும் சுவாமி செபத்தில் உச்சரித்த நேரம் வீட்டில் அந்தரத்தில் நின்ற தண்ணீர் விழுந்தது. றொசானா துணி எடுத்துத் துடைத்தாள். இறந்தோர் பதிவேட்டில் அடைக்கலத்தின் பேருக்கு எதிரே, தாய் தகப்பன் என்ற இடத்தில், யாகப்பர் ‘இந்தப் பங்கு’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை அவர் ஊசி போட்டார். வலது புயத்தில் அடைக்கலத்தைச் சாத்திக்கொண்டு இடது புயத்தைக் காட்டினார். நிறஞ்சலா ஊசியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் செபத்தைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் சென்றது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. இரண்டாவது ஊசியும் அதே மாதிரி. அடுத்த பங்குனியில் சத்திரசிகிச்சை நடந்தது. எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம். இருந்தும் வாகனம் கிடைத்தது. தகப்பனுடைய சிறுநீரகம் மகளுக்குள் அன்று பின்னேரமே வேலை செய்யத் தொடங்கியது. மதலேனா ஆஸ்பத்திரி விறாந்தையில் முழங்காலில் நின்று, பிள்ளைகள் மூன்று பேரின் பேரையும் சொல்லி நன்றி சொன்னாள்.

பேர் கிடைத்ததும் பிள்ளை போய்விடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். போகவில்லை. கழுதைகள் மட்டும் பட்டினத்துக்குத் திரும்பிவிட்டன. ஒவ்வொரு வருடமும் யூலை பதினேழாம் திகதி யாகப்பர், இப்படியான கலம் இல்லாத ஊசி செய்யும்படி கேட்டு, சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பதில் வந்ததில்லை. அவரும் விடவில்லை. துறையில் யாராவது பிள்ளைக்கு ஊசி போடப் போனால், போகும் வழியில் அந்த வீட்டில் ஏறி, ஏணையை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது.

போன சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு நானாட்டான் பக்கத்துப் பிள்ளை தக்சிகா வந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நாலு பேர் என்றார் யாகப்பர். நாலாவது ஆளின் வயதைக் கேட்டாள். ஐம்பதுக்கு மேலே என்றார். பிறந்த திகதியைக் கேட்டபோது, இன்னும் பிறக்கவில்லை என்றார். மதலேனா தேத்தண்ணி போடும்வரை றொசானா அடைக்கலத்தைத் தூக்கித் தக்சிகாவுடைய மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கையை மாற்றிப் பிடித்தாள்.

“கை உளையுது, ஐயா. உங்களுக்கு உளையிறேல்லையா?”

“உளையும், பிள்ளை,” என்றார் யாகப்பர். “உளையத்தான் வேணும்.”

அவள் நாலு பேர் என்று பதிந்துகொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.