அட்டையில் விழும் சொட்டு

அந்தச் சனிக்கிழமை காலை ஐயாவு காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றினார். ஊற்றுமுன் ஒரு துளியை இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் கித்தாப்பால் லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம்.

"பிசுபிசுன்னு நிக்குது பாரு, இதுதான்லா எண்ணெய். சிந்தெட்டிக் எண்ணெய் தண்ணியாட்டம் ஓடும். கெழட்டு எஞ்சின்ல ஊத்துனா எல்லா ரப்பர் சீலும் ஒழுகும்."

"இப்ப மட்டும் ஒழுகலையாக்கும்?" மனைவி குமுதா காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையைக் காட்டினாள்.

"தெனம் ஒரு சொட்டு. அதுக்கும் வயசாவுதுல்ல, ஒன்ன மாதிரி."

அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றவேண்டும் என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி, பென்ஷன் ஆபீஸ், கோயில் என்று குமுதாதான் காரை ஓட்டினாள். அந்த எண்ணுக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர் இருக்கையில் நிறுத்திவிட்டாள். உள்ளே இருப்பது அவர் கையால் ஊற்றியது. ஓட்டினால் அதை வடித்துக் கொட்டவேண்டி வரும். குனோங் ராபாட் சந்தைக்கு நடந்தே போய் வந்தாள். வீட்டில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை.

பேட்டரி செத்த பிறகுதான் சிலிபினிலிருந்து மெக்கானிக் தேவனை வரவழைத்தாள்.

"எண்ணெய் மாத்தி ஒரு வருசம் தாண்டிருச்சே, அக்கா!"

"இருநூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கு, தேவன்."

"நாளு பாக்கி இல்லையே. நின்ன எடத்துலயே கெட்டுப்போவும்லா. மினியாக் ஈத்தாம், இந்தக் கறுப்பு எண்ணெய் என்ன ஊறுகாயா, சாடியில போட்டு வைக்க?"

அவள் சிரிக்கவில்லை. தேவன் எஞ்சினிலிருந்து எண்ணெய் அளவுகோலை உருவி நீட்டினான். நுனியில் இருந்த கறுப்பை அவள் விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். பிசுபிசுப்பு இல்லை. தண்ணீராக மணிக்கட்டுக்கு வழிந்தது.

"சிந்தெட்டிக் ஊத்தவா, அக்கா? நீங்க ஓட்டறதுக்கு அது நெடுநாள் தாங்கும்."

"ஒழுகும்னு சொல்வாரே."

"அண்ணே என்னையும் அப்படிச் சொல்லித்தான் வெரட்டுவாரு. நைஞ்சுபோன சீல்தான் ஒழுகும் அக்கா. எண்ணெய் மேல பழி போடக்கூடாது."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஊத்து," என்றாள்.

வடிந்ததைத் தேவன் டின்னில் எடுத்துப்போனான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. பழைய அட்டையை மட்டும் எடுத்துவிட்டுப் புது அட்டை விரித்தாள்.

விடிந்ததும் குனிந்து பார்த்தாள். வழக்கமான இடத்தில் அதே ஒரு சொட்டு.