புஷ்பவல்லியின் மொட்டைமாடி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மணலிக்கு மேற்கே ஓர் ஏரிக்கரை, 1973. ராயபுரத்து ரயில்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து மனை வாங்கி, வரிசையாக ஓட்டுவீடுகள் கட்டியிருந்தார்கள். கடைசி வீடு கூட்ஸ் ரயில் கார்டு லியோனார்டுடையது. அவர் மனைவி ஃப்ளோரா. அந்த வீட்டின் பக்கவாட்டு அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எங்களுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரே ஒரு காலி மனை. அதில் மூன்று அடுக்கு வீடு வரப்போகிறது என்று தெரிந்த அன்று ஃப்ளோராவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

கதையை இப்படித் தொடங்கப் பார்த்தேன்:

ஏரி அன்று அமைதியாக

வேண்டாம். ஏரியை அன்று யார் பார்த்தார்கள்? எல்லோரும் மனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2

கட்டப்போகிறவள் புஷ்பவல்லி. இவர்களெல்லாம் ராயபுரத்தில் குடியிருந்த காலத்தில் வாசல் வாசலாகக் கூடையில் மீன் கொண்டுவந்தவள். பிறகு இறால் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுத்தாள். இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. அவளுக்கும் வந்தது.

(முதல் பிரதியில் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன். கழுத்து நிறைய நகை, வாய் நிறைய வெற்றிலை. அப்படி எழுதினால் நியாயம் ஃப்ளோராவின் பக்கம் வந்துவிடும், என் பக்கமும் வந்துவிடும். ஆனால் மனை பார்க்க அவள் வந்தது ஒரு சாதாரண நூல்சேலையில். ஃப்ளோராவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.)

"யக்கா! நீ இங்கயா கீற? உன் பக்கத்துலயே வூடு கட்டப்போறேன்க்கா!"

ஃப்ளோரா கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் மீன் வாடை போவல அவளுக்கு."

"உனக்குத்தான் மீன்னா உசுராச்சே," என்றார் லியோனார்ட். அப்புறம் கொஞ்ச நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

3

ஃப்ளோரா வீடு வீடாகப் போனாள். "மூணு அடுக்கு வந்தா காத்து வராது. ஏரியே தெரியாது. செவுத்தப் பாத்துகினு உக்காந்திருக்கணுமா இன்னா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மீன்காரிக்கு மட்டும் எப்படி என்று எல்லோருக்கும் வயிறு எரிந்தது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

[இங்கே பொறாமையைப் பற்றி நீளமாக ஒரு பத்தி இருந்தது. எனக்கு அது ரொம்பச் சரளமாக வந்ததால் கிழித்துவிட்டேன்.]

பஞ்சாயத்து ஆபீசுக்கு ஆட்சேபனை மனு போயிற்று. விசாரிக்க ஓவர்சியர் வந்தார். தெருவே ஃப்ளோராவின் கூடத்தில் கூடியது. புஷ்பவல்லி மட்டும் பழைய பழக்கத்தில் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"இங்கேருந்து ஏரி தெரியும்னு சொல்றீங்க. காட்டுங்கம்மா, பார்ப்போம்," என்றார் ஓவர்சியர்.

கூடத்தில் ஏரிப்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. குடிவந்த வருஷமே கொசுவுக்குப் பயந்து அதைச் சாத்தி, முன்னால் மரபீரோவை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஃப்ளோரா பீரோவைப் பார்த்தாள். லியோனார்ட் தரையைப் பார்த்தார். யாரோ சிரித்துவிட்டார்கள்.

புஷ்பவல்லி உள்ளே வந்தாள். "நீ அந்தப் பக்கம் புடி சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் தோளைக் கொடுத்தாள். பீரோ நகர்ந்தது. துருப்பிடித்த கொக்கியை ஃப்ளோராவே தட்டித் திறந்தாள்.

ஏரி அப்படியே கூடத்துக்குள் வந்துவிட்டது. சாயங்கால வெயில், நாணல், தண்ணீரை உரசிக்கொண்டு பறந்த நீர்க்காகங்கள், அந்தக் கரையில் ஆலைப்புகைகூட

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

ஃப்ளோரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன பொய் அந்த நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது.

"இன்னாக்கா, நீ பாத்ததே இல்லியா?"

"கட்டாத புஷ்பா," என்றாள் ஃப்ளோரா. "உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், கட்டாத."

புஷ்பவல்லியும் வெகுநேரம் வெளியே பார்த்தாள். "இதுக்குத்தான்க்கா நானும் மனை வாங்கினேன். மீன்கூடை தலைமேல கீறப்ப எங்க நின்னு பாக்கறது? எனக்கும் பாக்கணும்க்கா."

4

மாடிக்குத் தடை சொல்ல ஓவர்சியரிடம் விதி எதுவும் இல்லை. புஷ்பவல்லி மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொண்டாள். ஃப்ளோராவுக்காகவா, சிமெண்ட் கிடைக்காததாலா, தெரியாது. ஏரியை மறைக்க இரண்டே போதும்.

சுவர் எழும்பிய மாதங்களில் ஃப்ளோரா அந்த ஜன்னலைச் சாத்தவே இல்லை. கொசு எங்களைத் தின்றது. முதலில் நாணல் போயிற்று, அப்புறம் தண்ணீர், அப்புறம் அந்தக் கரை.

கிரகப்பிரவேசத்துக்குத் தெருவே போனது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மொசைக் தரையில் குறை கண்டுபிடித்தது. ஃப்ளோரா எதையும் தொடாமல் கீழே நின்றிருந்தாள். மொட்டைமாடியிலிருந்து புஷ்பவல்லி எட்டிப்பார்த்துக் கூப்பிட்டாள்.

"யக்கா, மேல வா! இங்க வந்து பாரு!"

ஃப்ளோரா முதல் படியில் கால் வைத்தாள்.

இதற்குமேல் இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் ஏறுகிறாள், இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். இன்னொன்றில் காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறாள். இரண்டையும் அடித்துவிட்டேன். அவளை ஏறவிட்டால், மேலேயிருந்து என்ன தெரிகிறது என்று நான் எழுத வேண்டும். நான் அங்கே ஏறியதில்லை. புஷ்பவல்லி என்னைக் கூப்பிடவே இல்லை.

அதனால் ஃப்ளோராவை அந்தப் படியிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். ஏற்றிவிடுவதானால் நீங்கள் ஏற்றிவிடுங்கள். எனக்கு மனசு வரவில்லை.