சொன்னதை அப்படியே தட்டு

தங்கவேல் அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால் வேணு தப்பித்திருப்பான்.

தங்கவேல் பள்ளிப்பட்டுக்காரன். பிரபாவதியின் புருஷன் வளவனோடு ஒரே படைப்பிரிவில், வடக்கே பனிமலைக் காவலில் இருப்பவன். லீவில் வந்தவனிடம், செத்துப்போன அம்மாவின் படத்துக்குப் போர்த்தச் சொல்லி வளவன் ஒரு சால்வை கொடுத்தனுப்பியிருந்தான். அதைத் திருத்தணி வரை கொண்டுவந்து, வாசலிலேயே நின்று நீட்டினான் தங்கவேல். பிரபாவதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கையை நீட்டவில்லை.

"வேணாங்க அண்ணி. பெத்த தாய் சாவக் கெடக்கும்போது, நல்லாதான் இருக்காங்க, நீ வர வேணாம்னு எழுதினவங்க கையால தண்ணி குடிக்க எனக்கு மனசு வர்ல."

"யாரு எழுதனது? நானா?"

"மெயில்ல உங்க பேருதான இருந்திச்சி. வளவன் அதை எங்கிட்ட காட்டி காட்டி அழுதான். தந்தி மலையேறி வர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சிரிச்சி."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டான். பிரபாவதி சொம்போடு நின்றாள். காரியத்துக்குக்கூட வளவன் ஏன் வரவில்லை, சாவுத் தந்தி கொடுத்தும் ஏன் ஒரு வரி பதில் இல்லை என்று ஒரு மாதமாக மண்டையைக் குடைந்த கேள்விக்கு அந்த நிமிடம் விடை தெரிந்துவிட்டது. விடைக்குப் பெயர் வேணு.

விஷயம் இதுதான். வளவன் இருந்த மலையில் டெலிபோன் கிடையாது. கடிதம் போய்ச் சேர மூன்று வாரம். அந்த வருஷம்தான் அடிவார முகாமில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை லைன் கிடைக்கும்; பையன்கள் இறங்கி வந்து வரிசையில் நின்று வீட்டுக்கு மெயில் போடுவார்கள். இந்தப் பக்கம், திருத்தணியில் முருகன் மலைக்குப் போகிற சாலையில் வேணுவின் பிரௌசிங் சென்டர். 'இராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு முன்னுரிமை' என்று வாசலில் போர்டு. திருவாலங்காடு, அம்மையார்குப்பம் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்கள் வாயால் சொல்ல, வேணு அந்தத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான். அந்த மெஷினில் தமிழ் எழுத்து இல்லை. பதில் வந்தால் உரக்கப் படித்துக் காட்டி, தாளில் அச்செடுத்துக் கையில் கொடுப்பான். எல்லோருக்கும் அவன் 'வேணு தம்பி'. புண்ணியவான் என்று பெயர்.

மாமியார் ரத்தினம்மாள் படுத்த படுக்கையானபோது பிரபாவதி தந்தி கொடுக்கத்தான் கிளம்பினாள். மடக்கியவன் வேணு.

"தந்தி போயி, எவனோ வாங்கி, மலையேறி, எப்ப சேர்றது பிரபா? இது ஒரே நிமிஷம். உக்காரு."

உட்கார்ந்தாள். மூன்று ஞாயிறு உட்கார்ந்தாள். "அத்தை மோசமா இருக்காங்க மாமா, உங்க பேரையே சொல்லிகினு இருக்காங்க, ஒடனே வாங்க" என்று மூன்று ஞாயிறும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னாள். வேணு தலையாட்டிக்கொண்டே தட்டினான். "லீவு கேட்டிருக்கேன், பார்க்கறேன்னு எழுதியிருக்கான்" என்று பதில் படித்தான். ரத்தினம்மாள் ஒவ்வொரு பஸ் ஹார்னுக்கும் வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேணுவின் வீட்டார் பிரபாவதியைப் பெண் கேட்டு வந்தார்கள். "ஊர் சுத்தறவனுக்கு எம்பொண்ணு இல்ல" என்று அவள் நைனா தெருவே கேட்கும்படி சொல்லி அனுப்பினார். அதை அவள் மறந்து ரொம்ப நாளாகிவிட்டது. மறக்காதவன் ஒருத்தன் இருந்திருக்கிறான், அதுவும் சிரித்த முகத்தோடு.

தாள்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. படிக்கத் தெரியாவிட்டாலும் புருஷன் அனுப்பியது என்று பீரோவில் புடவைக்கு நடுவே அடுக்கி வைத்திருந்தாள். படித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொருத்தர் நாக்கை நம்பிப் பட்டது போதும் என்றிருந்தது அவளுக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். கடைத்தெருவில் ஏபிசிடி அட்டை ஒன்று வாங்கி வந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். இருபத்தாறு எழுத்து. தமிழோடு பார்த்தால் கால்வாசிகூட இல்லை. களையெடுக்கப் போன இடத்தில் வரப்பில் குச்சியால் எழுதிப் பார்த்தாள். இருபது நாளில் எழுத்தைக் கூட்டினாள். தமிழ்தானே, கூட்டக் கூட்டப் பேச்சாக வந்தது.

மேலே வளவன் எழுதியது. "ஏன் பிரபா எம்மேல இவ்ளோ வெறுப்பு? நான் இன்னா தப்பு பண்ணேன்?" இதைத்தான் வேணு, "இங்க குளிரு ஜாஸ்தி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று படித்திருந்தான்.

கீழே, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னக் கோண அடையாளம் போட்டு, இன்னொரு கடிதம். அது அவள் கடிதம். பதில் போட்டால் முதலில் வந்த கடிதத்தையும் அந்த மெஷின் தானே அடியில் ஒட்டிவிடும் போலிருக்கிறது. "அத்தை நல்லா இருக்காங்க. நீங்க வர வேணாம். நீங்க இல்லாதப்பதான் எனக்கு நிம்மதி." கீழே அவள் பெயர்.

இவளுக்கு எங்கே எழுத்து தெரியப்போகிறது என்ற திமிரில் அதையும் சேர்த்தே அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்து, அதை அவள் கையிலேயே கொடுத்து, அதற்கு அவளிடம் நன்றியும் வாங்கியிருக்கிறான்.

பிரபாவதிக்கு அழுகை வரவில்லை. அந்தக் கிழவியின் கண் வாசலைப் பார்த்தபடி நின்றது நினைவுக்கு வந்தபடி இருந்தது. அவனை ஓட விடக்கூடாது, ஊர் முன்னால் உரிக்க வேண்டும், வளவனுக்கு அவன் கையாலேயே உண்மை போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாள்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கிருத்திகை நாள், சாலை முழுக்கக் காவடியும் மொட்டைத் தலையும். சென்டரில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். திருவாலங்காட்டு எல்லப்பன், மகன் பட்டாளத்தில் இருப்பவர், முதல் ஆளாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். வேணு நெற்றி நிறைய விபூதியோடு வரவேற்றான்.

"வா பிரபா. இன்னா எழுதணும்?"

"அத்தை கடைசி மூச்சு வரைக்கும் உங்களதான் கேட்டாங்க மாமா. மூணு தபா சொல்லி அனுப்பனேன். அப்படியே தட்டு."

லைன் கீச்சிட்டுக் கத்தி ஓய்ந்தது. வேணு தட்டினான். பிரபாவதி நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை பண்ணுகிற குரலில் உரக்கப் படித்தாள்.

"இனிமே எனக்கு மெயில் போட வேணாம். நான் எங்க நைனா வூட்டுக்கு போறேன்." நிறுத்தினாள். "இதையா நான் சொன்னேன் வேணு?"

வேணுவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"அது... பிரபா... மலை மேல சத்தியமா..."

"மலைய இழுக்காத. நாக்கு அழுகிடும்."

பையைக் கவிழ்த்தாள். தாள்களை எடுத்து, மேலே இருப்பதையும் அடியில் இருப்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லப்பனுக்கு முகம் வெளுத்தது. மடியிலிருந்து தன் தாளை உருவி நீட்டினார்.

"எம்புள்ளையுத கொஞ்சம் பாரும்மா."

அடியில் இருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினாள்; அவர் தலையாட்டினார். "உங்களுது சரியாதான் இருக்குதுங்க. எனக்கு மட்டும்தான் செஞ்சிருக்கான்."

பெரியவர் எழுந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "நீ சொல்லும்மா. அவன் தட்டுவான்."

"பிரௌசிங் சென்டர் வேணு எழுதறது. ரத்தினம்மா சாவக் கெடந்ததை மறைச்சவன் நான். பிரபாவதி சொன்னதை மாத்தி எழுதனவன் நான். பொண்ணு குடுக்கலன்ற ஆத்தரத்துல தெரிஞ்சே செஞ்சேன்."

வேணு தட்டினான். வியர்வை விபூதியைக் கரைத்து மூக்கு வரை இறங்கியது. பிரபாவதி குனிந்து பார்த்தாள்.

"தெரியாமன்னு போட்டிருக்க. தெரியாம இல்ல, தெரிஞ்சே. அழிச்சிட்டு தட்டு."

அழித்துத் தட்டினான்.

"லைன் கட்டாயிடும் போல இருக்குது..."

"ஆகாது. அனுப்பு."

அங்கே முகாமில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் பெட்டிதான். வளவன் படிப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் படிப்பார்கள் என்பது வேணுவுக்கும் தெரியும். அனுப்பிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. பன்னண்டு வரைக்கும் லைன் இருக்குது."

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெளியே காவடிச் சத்தம் மேலே ஏறிப் போனது. பதினொன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. மேல் நாலு வரியைப் பிரபாவதி தனக்குள்ளேயே கூட்டிப் படித்தாள். அது அவளுக்கு. மன்னிப்பு கேட்டிருந்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது உனக்கு வந்துது வேணு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

வேணு கதவைப் பார்த்தான். எல்லப்பன் கதவிலிருந்து முதுகை எடுத்தார். அவன் படித்தான்.

"வேணு. ஆபீசரே படிச்சிட்டு ஒடனே லீவு குடுத்துட்டாரு. வர்ற வெள்ளிக்கெழம காலைல வண்டி அரக்கோணம் வருது. நான் மட்டும் இல்ல, லீவுல வர்ற பசங்களோட சேர்த்து ஆறு பேர் வர்றோம். தங்கவேல் ஏற்கெனவே ஊர்லதான் இருக்கான். அவன் வந்து உன் கடை வாசல்ல உக்காந்துக்குவான். நாங்க வர்ற வரைக்கும் நீ எங்கயும் போவாத. எங்கம்மா எப்படி காத்துகினு இருந்தாங்களோ, அப்படி காத்துகினு இரு."

பிரபாவதி அவன் குரலோடு கூடவே திரையில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை அவன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.