முன்னால் இரண்டு சுற்று

காலைச் சோதனை ஓட்டத்தில் பந்தயக் கார் மதில் சுவரை ஒரு முழம் இடைவெளியில் தப்பியது. ஒரு முழம் என்பது பிரேக் மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கணக்கு. பாதையோரம் நின்று பார்த்தவர்கள் ஒரு சாண்கூட இருக்காது என்றார்கள். ஓட்டியது அவன் மனைவி. நேர்பாதையை எட்டு நொடியில் கடந்து அவள் பிரேக்கை மிதித்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் சுழல்வதையே நிறுத்திவிட்டன. சுழலாத சக்கரத்தை எந்தப் பக்கம் ஒடித்தால் என்ன? கார் தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் மிதியை விட்டுவிட்டுப் பாராசூட்டை இழுத்தாள். கார் சரளைக்கல் மேட்டில் ஏறி நின்றது.

பந்தயத் திடலின் பரிசோதகர் ஒரு கண்ணாடிக்காரர். கோபப்படத் தெரியாத மனிதர், அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம்.

"ரெண்டு மணிக்குக் கடைசி ஓட்டம்," என்றார். "அதுக்குள்ள சரி பண்ணி, பக்கத்து ரோட்டுல மெதுவா ஓட்டி நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் பெரிய பாதையில ஒரே ஒரு வாய்ப்பு. கோட்டுக்குள்ள நேரா நிக்கலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

கையெழுத்து என்றால் பந்தயம் ஓட்டும் உரிமம். அதற்குச் சுத்தமான ஓட்டம் மூன்று வேண்டும். இரண்டை முடித்துவிட்டாள். நாற்பது வயதுக்கு மேல் புது உரிமம் கிடையாது என்பது விதி. அவளுக்கு நாற்பது பிறக்க இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. வாரம் முழுக்கப் பள்ளி வேனை முப்பது வேகத்தில் உருட்டுகிறவள், இந்த ஒரு காகிதத்துக்காக ஆறு வருடமாகக் காத்துக்கிடக்கிறாள். விட்டுவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஓட்டு என்று சொல்லவும் வரவில்லை.

கொட்டகையில் அவனும் மச்சினனும் சேர்ந்து காரைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்த மாதிரிக் காரில் மிதிக்குப் பின்னால் இரண்டு பம்புகள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. இரண்டையும் சேர்த்துத் தள்ள ஒரு குறுக்குத் தண்டு. அந்தத் தண்டைத் திருகினால் பலம் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடும். சாதாரணக் காரில் முன் சக்கரம்தான் பெரும்பாடு படும். இதில் முன் டயர் சைக்கிள் டயருக்கு அண்ணன், பின் டயரோ அம்மிக்கல் கனம். அதனால் பின்னால் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்க வேண்டும். ரொம்பத் தாராளமாகக் கொடுத்தால் பின் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றும். இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். லாரிப் பட்டறையில் இருபது வருடம் பிரேக்கோடு குடும்பம் நடத்தியவன்.

முன்னால் ஒரு அழுத்தமானி, பின்னால் ஒன்று. மச்சினன் மிதியை மிதித்தான், இவன் முள்ளைப் பார்த்தான். மறுபடி மிதிக்கச் சொன்னான். முள் வேறு இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை இன்னும் வேறு இடம். மிதிக்க மிதிக்க முன்பக்கம் ஏறிக்கொண்டே போனது. 

பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நான்கு சக்கரத்துக் குழாயிலும் காற்றெடுத்தான். திரும்பவும் எடுத்தான். கையிலிருந்த புதுப் பம்பை மாட்டினான். மறுபடி காற்றெடுத்தான். பிரேக் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. முள் மட்டும் நின்ற இடத்தில் நிற்க மறுத்தது. மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது.

"மாமா, இப்படியே விட்டுடலாமா?" என்றான் மச்சினன். அவன் எஞ்சின் ஆள், காரை ஓட வைப்பதோடு அவன் கடமை முடிந்தது. "அக்காகிட்ட நான் பேசுறேன்."

"நீ எஞ்சினோட பேசு, போதும்."

மனைவி ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.  அவள் பேசாமல் இருப்பது அவனுக்குப் பழக்கமில்லாத விஷயம், அதற்கும் சேர்த்துப் பயந்தான்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை. குறுக்குத் தண்டை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டை. தன் கையால் இறுக்கியதை யார்தான் சந்தேகப்படுவார்கள்? வேறு வழியில்லாமல்தான் டார்ச்சோடு மிதிக்கு அடியில் தலையை விட்டான். நகர்ந்தால் தெரியட்டும் என்று நட்டின் மேலும் தண்டின் மேலுமாகச் சேர்த்து மஞ்சள் பெயின்டில் கோடு இழுத்திருந்தான். இப்போது கோடு நட்டில் ஓரிடத்தில், தண்டில் வேறிடத்தில் இருந்தது. விரலால் தொட்டான், நட்டு சுற்றியது. ஒவ்வொரு மிதிக்கும் தண்டு தானாகவே முன்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்திருக்கிறது.

வெளியே வந்தவன் நேராக மச்சினன் சட்டையைப் பிடித்தான்.

"லாக் நட்டுல யாருடா கைய வச்சது?"

"மாமா, சத்தியமா அந்தப் பக்கமே நான் போகல."

"இந்தக் கொட்டகையில ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவன் நீயும் நானும்தான். உன் அக்கா சாகக் கிடந்தாடா காலையில."

"அவன விடுங்க," என்றாள் மனைவி. "நான்தான்."

அவன் கை சட்டையில் இருந்தபடியே நின்றது.

"காலையில சீட்டுல உக்காந்து, பின்னால ரெண்டு சுத்து குடுத்தேன். திரும்ப இறுக்குறதுக்குள்ள நீங்க தண்ணி பாட்டிலோட வந்துட்டீங்க. ஸ்பேனரத் தொடைக்கு அடியில ஒளிச்சுட்டேன். விரலாலதான் இறுக்கினேன். அது போதும்னு நெனச்சேன்."

"எதுக்கு? நான் வச்சது நொட்டையா?"

"நீங்க என்ன வச்சீங்கன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க. போன வாரம் பழகுனப்பவே முன்பக்கம் வழுக்குதுன்னு மூணு தடவ சொன்னேன். தண்டத் தொட்டீங்களான்னு கேட்டேன். தொடவே இல்லன்னீங்க."

மாட்டிக்கொண்டான். மச்சினன் சட்டையை விட்டான், சுருக்கத்தைக்கூட நீவிவிட்டான். போன மாதம் இதே திடலில் வேறொரு கார் பின்பக்கம் பூட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சுவரில் சாய்ந்ததை அவன் நேரில் பார்த்திருந்தான். அந்த ஓட்டுநரைக் கதவை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்று ராத்திரியிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. மறுநாள் யாருக்கும் சொல்லாமல் தண்டை முன்னால் இரண்டு சுற்றுத் திருகினான். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தான். அவள் கேட்டபோது ஒத்துக்கொள்ளக் கூச்சம், பொய் சொன்னான்.

"ரெண்டு சுத்து," என்றான் தரையைப் பார்த்து. "முன்னால."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன். அதுக்காக?"

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மிதிக்கு அடியில் நுழைந்தான். அவளுக்கோ அவனைத் திட்டவும் நேரமில்லை. மணி ஒன்று இருபது.

தண்டை நடுவில் கொண்டுவந்து, பக்கத்து ரோட்டுக்குக் காரைத் தள்ளினார்கள். மூன்று தடவை ஓட்டிப் பார்க்க அனுமதி. முதல் தடவை முன் டயர் கிறீச்சிட்டது. "பின்னால ஒரு சுத்து," என்றாள். கொடுத்தான். இரண்டாம் தடவை அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் அரை," என்றாள். அதையும் கொடுத்தான். மூன்றாம் தடவை கார் நூல் பிடித்தது போல நேராக நின்றது. கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். ஆனால் அது அறுபது வேகத்தில். பெரிய பாதையில் அதைப்போல நாலு மடங்கு.

இரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. அவள் தலைக்கவசம் மாட்டி, தோள் பட்டைகளை இறுக்கி, அசைய முடியாமல் சீட்டில் கிடந்தாள். லாக் நட்டைக் கடைசியாக இறுக்க அவன் மிதிக்கு அடியில் தலையை நுழைத்தான். அங்கே அவன் கை என்ன செய்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு அரைச் சுற்று முன்னால் திருகிவிட்டு இறுக்கினால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. கதவை அறுக்கும் சத்தம் காதில் கேட்டது. ஸ்பேனரைத் தண்டில் மாட்டியும்விட்டான்.

மாட்டிய கையோடு அப்படியே கிடந்தான். 

"அரை சுத்து முன்னால வைக்கணும்னு கை வருது," என்றான் உள்ளேயிருந்து. "வச்சுடட்டுமா?"

 தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவள் குரல் அடைத்தபடி வந்தது. "வேணாம்."

"பின்னால பூட்டிடும்டி. அந்த வேகத்துல பூட்டிடும்."

"பயமாத்தான் இருக்கு எனக்கும். ஆனா வேணாம். இருக்குற மாதிரியே இறுக்குங்க."

இறுக்கினான். பலம் கொண்ட மட்டும் இறுக்கி, மஞ்சள் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தான். வாழ்நாளில் அவன் செய்த கஷ்டமான வேலை அதுதான், லாரிக்கு அடியில் படுத்த இருபது வருடத்தையும் சேர்த்து.

பாதையின் முடிவில், தடுப்புக்குப் பின்னால் போய் நின்றான். மச்சினன் பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான், அதை இருவரும் கவனிக்கவில்லை. விளக்கு மாறியது. காரின் சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. பாராசூட் விரிந்தது. அவள் மிதித்தது அவனுக்குத் தெரிந்தது. ஒரு நொடி கார் நேராக வந்தது. அப்புறம் பின்பக்கம் வலப்புறமாக விலகியது. அவன் பயந்தது அப்படியே, அச்சு பிசகாமல், கண்ணுக்கு முன்னால் நடந்தது. "விடு, மிதிய விடு" என்று கத்தினான். காரின் இரைச்சலில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை. அவள் விட்டாள். பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடித் திரும்பி வந்தது. மறுபடி மிதித்தாள், பாதியளவு. விட்டு விட்டு மிதித்தாள். கோட்டைத் தொட இன்னும் இரண்டடி இருக்க, கார் நேராக நின்றது.

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார்.

அவன் எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. அவள் கதவைத் திறந்து கால்களை வெளியே போட்டிருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றக் கை ஒத்துழைக்கவில்லை. அவன் கொக்கியை அவிழ்த்துக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது.

"பின்னால கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள். "நீங்க சொன்ன அரை சுத்து வேணும்."

சொன்னேன் பார்த்தாயா என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை. அவன் தார் ரோட்டில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

"நான் பாட்டுக்குத் திருப்பியிருக்கணும்," என்றான். "கேட்டே இருக்கக் கூடாது."

அவள் கையை அவன் தலையில் வைத்தாள்.

"அப்படித் திருப்பியிருந்தா, பின்பக்கம் இழுக்கும்னு தெரியாமப் போயிருப்பேன்," என்றாள். "நீங்க கேட்டதாலதான் கால எடுக்கத் தயாரா இருந்தேன்."