பின்பக்கக் கான்

மரியரட்ணம் மோட்டு வளையில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கூரைத் தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கிய தகரத்தை ஐவி கீழே நின்று கையை உயர்த்தி வாங்கினாள். அடுப்புப் புகையேறிக் கறுத்த தகரம் அவள் கையெல்லாம் கரியை அப்பியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் படுத்துக்கொண்டே பார்த்த தகரங்கள். எந்த ஓட்டைக்கு நேரே எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா குடையை ஊன்றிக்கொண்டு, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் நின்றார்.

"கூரை மட்டும் கழட்டினா போதாது. முன்செவரையும் தள்ளிடுங்க. நான் போயி ஒடைச்சாச்சுன்னு தோட்டத் தொரைகிட்ட சொன்னாத்தான் புதுவீட்டுச் சாவி."

"செவரு எதுக்குங்கய்யா? அது பாட்டுக்கு நிக்கட்டுமே," என்றார் மரியரட்ணம் மேலேயிருந்து.

"நிக்கட்டும்பீங்க. நாளைக்கு மச்சான் வந்து குடியிருப்பான், அதுக்கு மறுநாளு மருமகன் வருவான். புதுவீடு வேணும்னா பழைய காம்பரா இருக்கக் கூடாது. அதுதான் பேச்சு."

லயத்தில் அடுத்த ஒற்றையறைக் காம்பரா ராசம்மாவுடையது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். புருஷன் செத்து, முழங்கால் வீக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பதும் நின்றுபோனதால் அவளுக்குப் புதுவீடு கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளும் வந்து தகரம் தூக்கினாள். மரியரட்ணம் சுவரை இடிக்க அலவாங்கை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நடுச்செவரை மட்டும் பாத்துக்கங்க அண்ணே."

பார்த்துத்தான் இடித்தார். ஆனால் மண்சுவருக்கு எது யாருடையது என்று தெரியாது. முன்சுவர் விழுந்தபோது நடுச்சுவரிலும் ஒரு பெயர்ப்பு கூடவே வந்தது. உள்ளே உள்ள ராசம்மாவின் கட்டிலும், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படமும் அந்த ஓட்டை வழியே தெரிந்தன. ஐவி ஓடிப்போய் நல்ல தகரமாக ஒன்றைப் பொறுக்கி ஓட்டையை மறைத்துக் கல்லை அண்டை கொடுத்தாள். ராசம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சாவி கொடுக்கிற அன்று புதுவீட்டு வரிசைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். டயகமவுக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பை வெட்டிச் சமப்படுத்திய இடம். வீடுகளின் முன்பக்கம் ரோட்டைப் பார்த்திருந்தது. பின்பக்கம், வெட்டிய மேடு சிவப்பாக நிமிர்ந்து நின்றது. அதன் தலையில் தேயிலை.

பேச்சுகளும் மாலைகளும் முடிந்து கார்கள் போன பிறகு, வீடமைப்புத் திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கிஷாந்த் மைக்கைப் பிடித்தார். இளம் வயது. தோட்டத்திலிருந்து படித்துப் போன பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும்.

"இன்னையில இருந்து நீங்க லயத்துல ஒண்டிக்கிட்டு இருக்கிற ஆளுங்க இல்ல. வீட்டுச் சொந்தக்காரங்க. மாசாமாசம் சம்பளத்துல கட்டப்போறது உங்க சொந்த வீட்டுக்கு. அதனால புதுவீட்டுக்காரங்க தெரிஞ்சிருக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு."

கூட்டம் கையைத் தட்டியது. ஐவி முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோயிலில் பிரசங்கம் கேட்பதை விடவும் கவனமாகக் கேட்டாள். பூச்சு காயும்வரைக்கும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மயிரிழை மாதிரி வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், புதுக்கட்டடம் காயும்போது அப்படித்தான். மழைக்குக் கதவு இறுகினால் உடனே சீவிவிடக் கூடாது. கூரைப் பீலியில் விழும் இலையை அள்ள வேண்டும்.

"முக்கியமா ரெண்டு விசயம். மழைத்தண்ணி ஓடுற பின்பக்கக் கான்ல குப்பை கொட்டாதீங்க. பின்மேட்டுல கை வைக்கவே வைக்காதீங்க. மண்ணு வெட்டுறது, வாழை வைக்கிறது, அடுப்படி எறக்குறது, ஒண்ணும் கூடாது."

மரியரட்ணம் எழுந்தார்.

"சார், பின்பக்கம் கானே இல்லீங்களே."

யாரோ சிரித்தார்கள். கிஷாந்தும் சிரித்தார்.

"பிளான்ல இருக்கு அண்ணே. ரெண்டாங்கட்ட வேலையில வெட்டிக் குடுப்பாங்க."

ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்து, மூலைக்கு மூலை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஆணி அடிக்கக் கூடாது என்றதால் படத்து அந்தோனியார் ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றார். மகள் ஜெரோமி ஹட்டனில் மஃறூப் நானாவின் துணிக்கடையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவாள். அவளுக்கென்று பின்னறை. பிறந்ததிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சேலையைக் கட்டி மறைத்துப் படுத்த பிள்ளை, முதல் ஞாயிறு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ஐவி பயந்துபோய்த் தட்டினாள்.

"என்னாடி செய்ற உள்ள?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா இருக்கேன்."

மழை பெய்தால் ஐவி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். சட்டியை நகர்த்தாமல், பாயைச் சுருட்டாமல் மழையை வெறுமனே பார்ப்பது அவளுக்கு இத்தனை வயதுக்குப் பிறகு வாய்த்தது. அழுகை வரும்போல இருக்கும். எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுவாள்.

பெரிய மழைக்காலம் பிறந்ததும் பின்னறைச் சுவரில் ஒரு கோடு விழுந்தது. மயிரிழைதானே என்று இருந்தார்கள். கோடு தரையிலிருந்து ஏறி ஜன்னலைத் தொட்டது. பிறகு அதில் தீக்குச்சி போனது. பிறகு ஐவியின் சுண்டுவிரல். மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவரோடு தேங்கி, சிமெந்துத் தரையின் ஓரத்தில் உள்ளே கசிந்தது. ஜெரோமியின் கட்டில் காலுக்கு அடியில் எப்போதும் ஈரம்.

இரண்டு பேரும் தோட்டத்து ஆபீசுக்குப் போய் நின்றார்கள். கண்டாக்கு ஐயா ஜன்னல் வழியாகவே பேசினார்.

"அது இப்ப தோட்டத்து வீடு இல்ல, ஒங்க வீடு. லயமா இருந்தா நாங்க பாத்திருப்போம்."

லயத்தில் இருபது வருஷமாக ஒழுகினதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க ஐவி வாயெடுத்தாள். விழுங்கிக்கொண்டாள்.

கிஷாந்துக்குப் போன் போட்டார்கள். வீடு கட்டின கொந்தராத்துக்காரர் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார், மேலே எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். அடுத்த தடவையும் அதையே சொன்னார். அதற்கடுத்த தடவை போனை எடுக்கவில்லை.

"நானே வெட்டிக்கிறேங்க," என்று மரியரட்ணம் தொரையிடமே போய்க் கேட்டார். "மேட்டுத் தலையில குறுக்க ஒரு கான் போட்டா தண்ணி அந்தப் பக்கம் எறங்கிரும். ஞாயித்துக்கெழமை நானே வெட்டுறேன். தோட்டத்துக்கு ஒரு செலவும் இல்ல."

"மேட்டுக்கு மேலே இருக்கிறது யார் தேயிலை?"

"தோட்டத்துதுங்க."

"ஒரு செடியில மம்பட்டி பட்டாலும் பொலிசுக்குப் போவேன். அப்புறம் வேலையும் இல்லை."

நாலு நாளாக மழை விடவில்லை. அன்று காலையில் ஐவி கொழுந்துக்குப் புறப்பட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். மரியரட்ணம் வேலைக்குக் கிளம்பாமல் மம்பட்டியோடு பின்பக்கம் போவதைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க? பேரு போடுற பெரட்டுக்கு நேரமாச்சு."

"இன்னைக்கு மத்தியானமா அரைப்பேருக்குப் போயிக்கிறேன். செவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது, ஐவி. தேயிலைப் பக்கம் போகல. இந்தச் செவத்தோரமா ஒரு அடிக்கு வெட்டி, தண்ணிய மட்டும் ஒதுக்கிவிட்டுட்டு வாறேன்."

"வேணாங்க. மேட்டுல கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கள்ல?"

"சொன்னவன் வீட்டுலயா தண்ணி நிக்குது? நாளைக்கு ஞாயிறு. புள்ள வந்து அந்த ஈரத்துலதான் படுக்கணும். நீ போ."

அவள் போனாள். பேர் விழாமல் அன்றைய சம்பளம் போய்விடுமே என்ற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து மூக்கன் கங்காணி ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஐவியைப் பார்த்ததும் நின்றார். கீழே புதுவீட்டு வரிசைப் பக்கம் கையைக் காட்டினார். ஐவி கூடையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

வரிசையில் எல்லா வீடுகளும் நின்றன. அவளுடைய வீட்டின் முன்பக்கமும் நின்றது. பின்னால் மேடு இறங்கியிருந்தது. ஆண்கள் சவளாலும் கையாலும் மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள். வெளியில்தான் தேடினார்கள். கிடைக்கவில்லை. மேடு அவரைச் சுவரோடு சேர்த்து உள்ளே தள்ளியிருந்தது. மத்தியானத்தில் பின்னறையில், ஜெரோமியின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து அவரை எடுத்தார்கள். வாய் நிறையச் சிவப்பு மண். ஐவி முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் விசாரணைக்கு வந்தார்கள். சிங்களத்தில் பேசிய பொலிஸ் சார்ஜன், அவருக்குப் பக்கத்தில் கிஷாந்த். சார்ஜன் கேட்டதைக் கிஷாந்த் தமிழில் சொன்னார். ஐவியின் முகத்தைப் பார்க்காமல், அவள் காலடியைப் பார்த்துச் சொன்னார்.

"மேட்டுல கை வைக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாரு."

"கான் இல்லீங்க சார். நீங்க வரும்னு சொன்னீங்க. தண்ணி வீட்டுக்குள்ள..."

"அது வேறம்மா. கூட்டத்துல சொன்னதக் கேட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஜெரோமி தாயின் கையைப் பிடித்தாள். "சொல்லாதம்மா," என்றாள் மெதுவாக.

ஐவிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. பந்தலில் அத்தனை பேருக்கு நடுவில், தன்னைப் போல வேறு யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"கேட்டோங்க."

கிஷாந்த் அதைச் சிங்களத்தில் ஒரே சொல்லாகச் சொன்னார். சார்ஜன் தலையாட்டி எழுதிக்கொண்டார். திட்டத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நட்டஈடு என்று ஒன்றும் வராது என்பது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. சொல்லியும் கேளாமல் அவரே வெட்டியதால் வந்தது என்று முடித்துவிட்டார்கள்.

ஐவி மறுபடி லயத்தில் ஒரு காம்பரா கேட்டாள். கண்டாக்கு ஐயா, "ஒனக்குத்தான் வீடு குடுத்தாச்சே, ஒரு ஆளுக்கு ரெண்டு தரமா குடுப்பாங்க?" என்றார். ராசம்மாதான் தன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு பாய்க்கு இடம் பண்ணினாள். வீட்டுக் காசைச் சம்பளத்தில் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது, காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கையில் கண்டாக்கு ஐயா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐவி, நீ இன்னைக்கு மலைக்குப் போக வேணாம். அடுத்த வீட்டு வரிசைக்கு அடிக்கல்லு வைக்கக் கொழும்புல இருந்து பெரியவங்க வாறாங்க. புதுவீட்டுக்கு பெயின்ட் அடிக்க டவுன்ல இருந்து ஆள் வந்திருக்கு. அவங்களுக்குத் தண்ணி அள்ளிக் குடுத்துக் கூடமாட நில்லு. முழுப்பேர் போடுறேன்."

அவள் போனாள்.

பெயின்ட்காரர்கள் இரண்டு பேர். வரிசையாக அடித்துக்கொண்டே வந்து, நடுவில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருந்தது. கிட்டே போனால்தான் கண்ணாடிக்கு உள்ளே வானமும் சிவப்பு மேடும் தெரிந்தன. கண்டாக்கு ஐயா ஒரு நீலப் படங்கு விரிப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒருத்தன் பக்கவாட்டில் சுற்றிப்போய், இடிந்த பக்கத்திலிருந்து அதை ஜன்னலுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினான். இப்போது உள்ளே யாரோ திரை போட்டிருப்பது போலிருந்தது.

மற்றவன் ஏணியை முன்சுவரில் சாய்த்தான். மண் இன்னும் காயவில்லை. ஏணியின் ஒரு கால் புதைந்தது.

"அக்கா, கொஞ்சம் வந்து புடிங்க."

ஐவி தண்ணீர் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தாள். அவன் டின்னோடு ஏறி, ஓட்டுக்கூரையின் விளிம்புக்குக் கீழே மஞ்சளை இழுக்கத் தொடங்கினான். ஒவ்வொரு இழுப்புக்கும் சுவர் லேசாக அதிர்ந்தது.

"கெட்டியாப் புடிங்கக்கா," என்றான் மேலேயிருந்து. "நான் புள்ளகுட்டிக்காரன்."

ஐவி கீழ்ப்படியில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.