நினைவில் மட்டும் வைத்த செருப்புகள்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டு மாடியில் கலைமணி சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினாள். எஞ்சினியர்கள் இரண்டே பேர்: கணவன் பழனிவேல், தம்பி தமிழ்வேந்தன். அதுதான் தலைவலி.

சிதம்பரத்தில் ஆனித் தேரோட்டத்துக்குச் செருப்புக் கொட்டகை போட்டிருந்த ராஜமாணிக்கம் ஒரு வேலை கொடுத்திருந்தார். டோக்கன் கிடையாது. போன் நம்பரைச் சொல்லிச் செருப்பை விட்டுப் போகலாம்; திரும்பி வந்து நம்பரைச் சொன்னால், எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும். கூட்டம் நெருக்கும் என்பதால் நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து, விவரங்களை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் வேகமான டேட்டாபேஸ் போடுவதென்று முடிவாயிற்று. எந்த டேட்டாபேஸ் என்பதில்தான் சண்டை.

"நான் சொல்றத போட்டா, கேக்கறதுக்குள்ள பதில் வந்துடும்க்கா" என்றான் தமிழ்வேந்தன்.

"கரண்ட் போனா எல்லாத்தயும் மறந்துடும். அதயும் சொல்லு மச்சான்" என்றான் பழனிவேல். "நான் சொல்றது, மெமரியிலயும் வச்சிக்கும், டிஸ்க்லயும் ஒரு காப்பி எழுதிக்கும்."

"எழுதி முடிக்கறதுக்குள்ள தேரு நிலைக்கு வந்துடும் மாமா."

கணவன் பக்கம் சாய்ந்தால் அம்மாவிடமிருந்து போன் வரும். தம்பி பக்கம் சாய்ந்தால் வீட்டில் முகம் தூக்கல். கலைமணி பொய் நம்பர்களைக் கொட்டி இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தாள். தம்பியுடையது வெகுதூரம் முந்தியது. "யூபிஎஸ் இருக்குல்ல, கரண்ட் போனா என்ன?" என்றான் அவன். பழனிவேல் அன்று தயிர்சாதத்துக்கு ஊறுகாய்கூடக் கேட்கவில்லை.

தேரன்று காலையிலிருந்து கீழ வீதிக் கொட்டகையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. தமிழ்வேந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். தேர் நெருங்கியதும், கம்பிகளில் உரசாமலிருக்க எப்போதும் செய்வதுபோல் வீதியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர்கள் மொத்தமாக அணைந்தன. ராஜமாணிக்கத்தின் டேபிள் ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றியது.

"புழுக்கம் தாங்கல. அந்தப் பொட்டியில சொருகினா கரண்ட் போனாலும் ஓடும்னாங்க. அதான் காலையில நீங்க கம்ப்யூட்டர போடறதுக்கு முன்னாடியே உங்க ஒயர எடுத்து செவுத்துல மாட்டிட்டேன்" என்றார் அவர்.

ஃபேனைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை எழுப்பினார்கள். திரையில் வந்தது: செருப்புகள், பூஜ்யம்.

முன்னால் நின்ற திட்டக்குடிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அப்ப நான் வெறுங்காலோடதான் வந்தன்னு சொல்றியா?"

கூட்டம் சத்தம் போட்டது. அப்போது பழனிவேல் நிதானமாகத் தன் லேப்டாப்பைத் திறந்தான். யாருக்கும் தெரியாமல் தன் டேட்டாபேஸையும் அதில் ஓடவிட்டிருந்தான்.

"திருட்டுத்தனமாவா?" என்றாள் கலைமணி.

"ஒரு ஜாக்கிரதைக்கு."

தமிழ்வேந்தனுக்கு மாமாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. திரையைப் பார்த்ததும் தோன்றவில்லை. நெரிசலில் ஒரு லேப்டாப்பால் எழுதி மாளவில்லை. முதலில் வந்தவர்கள் மட்டுமே பதிவாகியிருந்தார்கள்.

"உங்களுது இன்னும் காலையிலயே இருக்கு மாமா!"

"உன்னுது இன்னும் பொறக்கவே இல்ல மச்சான்!"

கலைமணி இருவரையும் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள். லேப்டாப்பில் இருந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பினாள். மிச்சமிருந்த செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு, வார் வைத்தது என்றதும் பாதிக் கூட்டம் கை தூக்கியது. போட்டுப் பார்த்து, காலைக் கடித்ததை மாற்றி, சாயங்காலத்துக்குள் ஒருவழியாக எல்லோருக்கும் கால் நிறைந்தது. "மார்கழித் தேருக்கும் வாங்க" என்றார் ராஜமாணிக்கம். கேலியா, நிஜமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கடலூர் பஸ்ஸில் கலைமணி தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டும் வேணும். தம்பியோடது முன்னாடி நின்னு பதில் சொல்லட்டும். உங்களுது பின்னாடி இருந்து எழுதிக்கட்டும்."

இருவரும் தலையாட்டினார்கள். பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது.

"முன்னாடி நிக்கறதுக்குத்தான் மவுசு ஜாஸ்தி" என்றான் தமிழ்வேந்தன், ஜன்னலைப் பார்த்தபடி.

"பின்னாடி ஒருத்தன் இருக்கறதாலதான் அது நிக்குது மச்சான்."

கலைமணி எழுந்து, முன்வரிசையில் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் காலியாயிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, கடலூர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.